பேசாமல் செய்த கற்கோடாலி

தை 8, ஞாயிறு

இன்று முதல் என் மருமகள் காவேரி எனக்கு வாத்தியார். கல்லை உடைத்துக் கோடாலி செய்யக் கற்றுத் தருகிறாள். அவள் வாயைத் திறக்காமல் கற்றுத் தர வேண்டும், நான் வாயைத் திறக்காமல் கற்றுக்கொள்ள வேண்டும். அதுதான் நிபந்தனை.

"உங்க மாமனாரு வாயை மூடிக்கினு இருக்கப் போறாரா? அந்த அதிசயத்தைப் பார்த்துட்டுக் கல்லே தானா கோடாலியா ஆயிடும்" என்று என் மனைவி மாதம்மா காவேரியிடம் சொன்னாள்.

இவ்வளவு எழுதுவதற்குள் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த வெந்நீர் ஆறிவிட்டது. பரவாயில்லை. எழுதியதைத் திரும்பப் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

தை 9

யார் எடுத்துப் படித்தாலும் புரிய வேண்டும் என்று முதியோர் வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் கீழ்க்கொட்டாய். கரடு என்கிற கல் குன்றுக்கு மேலே இருப்பது மேல்கொட்டாய். நடுவில் பாறையும் ஓடையும். இரண்டு வருடத்துக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து கரட்டடியில் குழி தோண்டினார்கள். பழைய வீட்டுத் தரை, மாட்டு எலும்பு, கருகிப்போன கொள்ளு, இவற்றோடு வழுவழுப்பான கருங்கல் கோடாலிகளும் கிடைத்தன. கூலிக்குத் தோண்டிய எங்களுக்கு அந்தக் கல்லைப் பார்த்து ஆச்சரியம் வரவில்லை. அதே மாதிரிக் கற்கள் எங்கள் ஏரிக்கரைக் கோயிலில் சாமியாக நிற்கின்றன. எண்ணெய் ஊற்றிக் கும்பிடுகிறோம். குழியிலிருந்து முதல் கல்லை எடுத்ததும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆராய்ச்சி செய்யும் சுடர்க்கொடி என்ற அம்மா சிரிக்கவில்லை. "ஐயா, இரும்பு வர்றதுக்கு முன்னாடி இங்க கொள்ளு வெதச்சவங்க, இதை வெச்சுத்தான் காட்டைத் திருத்துனாங்க" என்றார். அப்படியானால் என் கொல்லைக்காட்டை முதலில் திருத்தியது இந்தச் சாமிதான். தப்பில்லையே, கும்பிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாவுக்கு ஒரு கேள்வி. குழியில் ஒரே இடத்தில் நல்ல கோடாலியின் சில்லுகளும் கிடைத்தன, கெட்டுப்போன கோடாலிகளும் கிடைத்தன. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் தெரியாதவர் ஒருவர் உட்கார்ந்து பழகியிருக்கிறார். சொல்லிக் கொடுத்தார்களா, பார்த்தே கற்றுக்கொண்டார்களா? அவருடைய பேராசிரியர், பேச்சு இல்லாமல் இந்த வித்தை மூன்றாவது கைக்குப் போய்ச் சேராது என்கிறார். சுடர்க்கொடி, போகும் என்கிறார். போகாவிட்டால் அவருடைய இத்தனை வருடத்துப் படிப்பும் வீண்.

அதற்காக இரண்டு வரிசை வைத்திருக்கிறார். மேல்கொட்டாய் பேசும் வரிசை. நாங்கள் பேசாத வரிசை. இரண்டிலும் மூன்று மூன்று பேர். சுடர்க்கொடி முதல் ஆளுக்குக் கற்றுத் தருவார். முதல் ஆள் இரண்டாம் ஆளுக்கு. இரண்டாம் ஆள் மூன்றாம் ஆளுக்கு. மூன்றாம் ஆள் செய்த கோடாலி ஒரு தைலமரத்தைச் சாய்க்க வேண்டும். காவேரி முதல் ஆள். கற்று முடித்துவிட்டாள். நான் இரண்டாம் ஆள். என் கோடாலி எவ்வளவு நன்றாக வந்தாலும் அதற்கு மதிப்பெண் இல்லை. எனக்குப் பின்னால் வருகிறவன் கோடாலிதான் பார்க்கப்படும்.

மூன்றாம் ஆள் யார் என்று இன்னும் முடிவாகவில்லை.

தை 10

கண்ணில் சில்லு தெறிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "வெல்டிங் கடை வெச்சிருக்கறீங்களா?" என்றாள் மாதம்மா.

தை 12

ஓடைப் பாறையில் நானும் காவேரியும் எதிரெதிராக உட்காருகிறோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என் முன்னால் உட்கார்ந்ததில்லை. கதவோரம் நின்றுதான் பேசுவாள். முதல் நாள் இரண்டு பேருக்கும் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. கல்லைப் பார்த்தோம்.

அவள் இடது கையில் கருங்கல்லைப் பிடிக்கிறாள். வலது கையில் உருண்டைக் கல். இடது கையை மேலே தூக்கி, வலது கையால் முன்கையை ஒரு தள்ளுத் தள்ளி, அப்புறம் ஓரத்தில் சாய்வாக ஒரு போடு. சில்லு கழன்று விழுகிறது. மறுபடி கையைத் தூக்கி, முன்கையைத் தள்ளி, ஒரு போடு.

நானும் தூக்கினேன், தள்ளினேன், போட்டேன். கல் இரண்டாகப் போனது.

கொள்ளு அடித்து முடிந்தது. மூட்டை கட்டினோம்.

தை 15

நான்கு கல் உடைத்தாயிற்று. கட்டை விரல் நகம் கறுத்துவிட்டது. பேனா பிடிக்க வலிக்கிறது.

தை 19

இன்று வந்தது!

சரியாகப் பட்டால் கல் "ணங்" என்கிறது. தப்பாகப் பட்டால் "தொப்" என்கிறது. இத்தனை நாள் எனக்குத் தொப் தொப் என்றே கேட்டது. இன்று காலை ஒரு ணங். கையகலச் சில்லு ஒன்று உரிந்து வந்தது, வாழைப்பூ மடல் மாதிரி. அடுத்ததும் ணங். நான் "ஆத்தா!" என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். காவேரி பாய்ந்து தன் வாயில் கை வைத்துக் காட்டினாள். சத்தம் வெளியே வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சத்தமில்லாமல் சிரித்தோம். எதிரில் சுடர்க்கொடியின் உதவியாளர் கேமராவைப் பிடித்துக்கொண்டு அவரும் குலுங்கினார்.

எழுபது வயதில் புதிதாக ஒன்று கைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. ஆகையால் இங்கே எழுதுகிறேன். ஜாடியோடு வெல்லம் கிடைத்த மாதிரி இருக்கிறது.

தை 24

கொத்துகிற வேலை. வெங்கச்சாங்கல் என்கிற கெட்டி வெள்ளைக் கல்லால் மேடு பள்ளத்தை எல்லாம் பொடிப் பொடியாகக் கொத்திச் சமன் செய்ய வேண்டும். டொக் டொக் டொக். எழுத ஒன்றும் இல்லை. டொக்.

மாசி 2

பாறையில் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்க்கிறேன். அரிவாள் தீட்டிப் பழகிய கை. மெல்லிசாக, விரல் வைத்தால் அறுக்கிற மாதிரி கோடாலியின் வாயைக் கொண்டுவந்தேன். பெருமையாகக் காவேரியிடம் நீட்டினேன். அவள் வாங்கி ஒரு கட்டையில் லேசாகத் தட்டினாள். வாய் பொரி பொரியாக உதிர்ந்துபோனது. பிறகு என் விரலைத் தன் கோடாலியின் வாய் மேல் வைத்து இழுத்தாள். மெல்லிசு இல்லை. உப்பியிருக்கிறது, நிறைமாதப் பசுவின் வயிறு மாதிரி. கல்லுக்கு வாயில் சதை வேண்டும். இரும்புக்குத்தான் ஒல்லி.

மறுபடி தேய்க்கிறேன்.

மாசி 6

பிடி போடுவதில் நான் ஏமாந்துபோனேன். நம் இரும்புக் கோடாலியில் ஓட்டை இரும்பில் இருக்கும், பிடி அதற்குள் போகும். இங்கே ஓட்டை பிடியில், கல் அதற்குள் போகிறது. ஆடக் கூடாது என்று இறுக்கி அடித்தேன். நான்கு வெட்டில் பிடி நீளவாக்கில் பிளந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் கல்லே ஆப்பாக உள்ளே இறங்குகிறது, பிளக்காமல் என்ன செய்யும்?

காவேரி ஒரு பனையோலைத் துண்டை எடுத்துத் தன் கோடாலியில் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில், இரண்டு பக்கவாட்டிலும் நுழைத்துக் காட்டினாள். சுலபமாகப் போய் வந்தது. மேலேயும் கீழேயும் நுழைத்தாள். போகவில்லை. அவ்வளவுதான். மேலும் கீழும் கவ்வ வேண்டும், பக்கம் இரண்டும் விட்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தை இல்லை. என் மண்டையில் ஏறிவிட்டது.

மாசி 8, திங்கள்

என் கோடாலி! முருங்கைக் கிளையை வெட்டினேன். முருங்கைதானே என்று மாதம்மா சொல்வாள் என்பதால் வேலங்கிளை ஒன்றும் வெட்டினேன். இரண்டும் விழுந்தன. காவேரி கைதட்டினாள். முருங்கைக்காய் குழம்புக்குப் போனது. மகன் பச்சையப்பனுக்கு ஓசூருக்குப் போன் போட்டு, "உன் பொண்டாட்டி வாத்தியாரம்மாடா" என்றேன்.

சாயங்காலம் மூன்றாம் ஆளின் பெயரைச் சொன்னார்கள். சென்றாயன்.

இன்று இதற்கு மேல் எழுதவில்லை.

மாசி 9

சென்றாயன் என் சித்தப்பா மகன். எனக்கு இரண்டு வயது இளையவன். எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். நாங்கள் பேசுவதில்லை. அவன் பேத்தி பிறப்பதற்கு முன்னால் நின்ற பேச்சு. அந்தப் பெண் இப்போது காலேஜ் போகிறது.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். பொதுக் கிணற்றுக்கு மோட்டார் வைக்கிற கூட்டம். ஒரு தாளை எல்லாரிடமும் நீட்டினார்கள். நான் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சென்றாயன் எட்டாவது வரை படித்தவன். "கைநாட்டுக்கு அதெல்லாம் எதுக்கு? நான் படிச்சுட்டேன், நீ விரலை உருட்டு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு சரி.

நான் போன வருடம் முதியோர் வகுப்பில் சேர்ந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பஸ் போர்டு படிக்கத்தான் சேர்ந்தேன்.

டீக்கடையில் இன்று இதே பேச்சு. "அவங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கறதுக்கு ஆராய்ச்சி வேற எதுக்குப்பா? நாங்களே எழுதித் தர்றோமே" என்று கடைக்கார அருணகிரி சொல்ல, டீ குடித்தவர்களுக்குப் புரையேறியது. சீட்டுப் போட்டா எடுத்தார்கள் என்று கேட்டேன். இல்லையாம். சென்றாயன் தானாகவே போய்ப் பெயர் கொடுத்திருக்கிறான்.

எதற்கு? என்னைத் தோற்கடிக்கத்தான். அவன் கோடாலி உடைந்தால் தோற்பது நான். கைநாட்டு வாத்தியாரிடம் படித்தால் இப்படித்தான் என்று ஊர் சொல்லும். வேண்டுமென்றே உடைத்தாலும் யாருக்குத் தெரியும்?

மாசி 10

சென்றாயன் வந்தான். எதிரில் உட்கார்ந்தான். நான் கல்லை எடுத்தேன். அவனும் எடுத்தான்.

விதி இது: கல்லைப் பற்றி மட்டும் அல்ல, மரம் தரையைத் தொடுகிற வரை இரண்டு பேரும் எதைப் பற்றியும் பேசக் கூடாது. பேசினால் வரிசையே செல்லாது. எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

மாசி 13

அவனுக்கும் தொப் தொப். மனசுக்குள் எனக்குச் சந்தோஷம். ஆனால் அவனுக்குத் தொப் என்றால் எனக்கும் தொப்தானே. எதிராளி தேற வேண்டும் என்று கும்பிட வேண்டிய நிலைமை எனக்கு. ஏரிக்கரைச் சாமிக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தேன். "யாருக்காக?" என்று மாதம்மா கேட்டாள். மாங்காய்ப் பிஞ்சு உதிராமல் இருக்க என்றேன்.

மாசி 16, செவ்வாய்

மத்தியானம் மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம், சென்றாயனின் கிணற்றடியில் ணங் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து கல் அடிக்கிறான். பக்கத்தில் சில்லு குவிந்து கிடக்கிறது. நான்கைந்து நாளாக நடக்கிறது போலிருக்கிறது. ஒவ்வொரு போடுக்கும் முன்னால் நான் செய்கிற மாதிரியே கையைத் தூக்கி, முன்கையைத் தள்ளி, அப்புறம்தான் போடுகிறான்.

என்னைத் தோற்கடிக்க ஒருவன் இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா?

மாடு தண்ணீர் குடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

மாசி 20

ஓடையில் அவன் கொத்திக்கொண்டிருந்தான். நான் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டியிருந்ததால் இந்த நோட்டை எடுத்து எழுதினேன். வெயில் தாளில் பட்டது. ஆகையால் நோட்டை அவன் இருக்கும் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். டொக் டொக் நின்றது. நிமிர்ந்தால் அவன் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் பார்த்ததும் குனிந்துகொண்டான். டொக்.

நான் எழுதியிருந்தது, மாடு இன்று சரியாகத் தீனி எடுக்கவில்லை என்று. கொஞ்சம் நல்ல விஷயமாக எழுதியிருக்கலாம்.

மாசி 21

காலையில் நான் உட்காரும் பாறை மேல் ஒரு பேனா இருந்தது. புதிது. யாருடையது என்று கேட்க முடியாது, பேசக் கூடாதே. இப்போது அதில்தான் எழுதுகிறேன். வழுக்கிக்கொண்டு போகிறது.

மாசி 25, வியாழன்

இன்று வயிறு வலிக்கச் சிரித்த நாள்.

சுடர்க்கொடி இதுவரை எடுத்த படத்தை எல்லாம் காவேரிக்குப் போட்டுக் காட்டினார். காவேரியின் பங்கு முடிந்துவிட்டதால் அவள் பேசலாம். நான் கையைத் தூக்கி முன்கையைத் தள்ளுவதைப் பார்த்தாள். சென்றாயன் தூக்கித் தள்ளுவதையும் பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். என்ன என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும்தான் மாதம்மாவிடம் சொல்கிற சாக்கில் எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"அத்தே, எனக்குக் கண்ணாடி வளையல் கீழ எறங்கி எறங்கி கல்லுல இடிக்கும். ஒவ்வொரு தடவையும் மேல ஏத்தி விட்டுக்கினு அடிப்பேன். மாமா அதையும் சேத்துக் கத்துக்கினாரு! வளையலே இல்லாம வளையல ஏத்தறாரு! அதைப் பாத்துச் சின்ன மாமாவும் ஏத்தறாரு!"

மாதம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "சந்தையில ரெண்டு டஜன் வாங்கியாந்து போட்டுடலாமா?" என்றாள்.

நான் வெட்கப்பட்டுப் போனேன். நாளை அதை விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

மாசி 26

விடக் கூடாது என்று சுடர்க்கொடி சொல்லிவிட்டார். சொன்னது தனியாக, என்னிடம் மட்டும்.

மேல்கொட்டாயிலும் முதல் ஆள் ஒரு பெண்தான். அவளும் வளையலை ஏற்றிவிட்டுத்தான் அடித்தாள். ஆனால் அவள் பேசும் வரிசை. "இது வளையலுக்கு, உனக்கு வேணாம்" என்று அடுத்த ஆளிடம் சொல்லிவிட்டாள். அவர்கள் விட்டுவிட்டார்கள். இப்போது மேலே எங்களைவிட அதிகமாகக் கல் உடைகிறது.

"ஏம்மா அப்படி?"

"கையைத் தூக்கறப்ப கல்லோட அடிப்பக்கம் உங்க கண்ணுக்கு நேரா வருது ஐயா. அடிப்பக்கத்தைப் பாத்துட்டு அடிக்கறீங்க. அவங்க பாக்காம அடிக்கறாங்க. அதுதான் காரணம்னு நெனைக்கறேன். உறுதியாத் தெரியாது."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். தூக்கும்போது அடிப்பக்கத்தைப் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை.

மருமகளின் வளையலுக்குக் கும்பிடு.

மாசி 29

சென்றாயன் தேய்த்து முடித்துவிட்டான். வாயை உப்பலாகவே வைத்தான், நான் விரலைப் பிடித்து இழுத்துக் காட்ட வேண்டியே வரவில்லை. என் விரலால் அவன் கோடாலியின் வாயைத் தடவிப் பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

பங்குனி 2

பிடி விஷயத்தில் சறுக்கிவிட்டது.

சென்றாயன் பிடி செதுக்குவதில் பேர்போனவன். சுற்று வட்டாரத்தில் ஏர் மேழி, மண்வெட்டிப் பிடி எல்லாம் அவன் கைதான். கல்லுக்குத்தான் ஆராய்ச்சி என்பதால் பிடி செய்ய இரும்பு உளியை வைத்துக்கொள்ளலாம் என்று சுடர்க்கொடி சொல்லியிருந்தார். உளியைப் பார்த்ததும் சென்றாயன் பழைய சென்றாயன் ஆகிவிட்டான். நான் பனையோலையை நீட்டினேன். கையால் ஒதுக்கினான். மறுபடி நீட்டினேன். முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு துளையைப் போட்டான். கல்லை வைத்து, அசையாமல் நாலு பக்கமும் கவ்வும்படி இறுக்கி அடித்தான். பார்க்க அழகாக இருந்தது. கோயிலில் வைக்கலாம். மரம் வெட்ட முடியாது.

கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பல வருடத்தில் அவனிடம் பேச வேண்டும் என்று தோன்றியது இன்றுதான். இன்று பேசக் கூடாது.

பங்குனி 4

நாளை மரம். புளி உலுக்குகிற வேலையைத் தள்ளி வைத்தாயிற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பங்குனி 5, ஞாயிறு

இதை எழுத எவ்வளவு நேரமானாலும் எழுதியே தீருவேன்.

கரட்டு வரப்பில் இரண்டு தைலமரங்கள், இரண்டும் என் தொடை கனம். ஒன்று மேல்கொட்டாய்க்கு, ஒன்று எங்களுக்கு. இரண்டு கொட்டாய் ஜனமும் வந்துவிட்டது. பேராசிரியர் வெள்ளைத் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுடர்க்கொடி முகத்தில் ரத்தம் இல்லை. அவர் உட்காரவே இல்லை.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். மேல்கொட்டாயின் மூன்றாம் ஆள் பெரியமுத்து, வாலிபன், வேகமாக வெட்டினான். சென்றாயன் நிதானமாக வெட்டினான். அந்தக் கல் பச்சை மரத்தைக் கடிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். இரும்பு மாதிரி அறுக்காது. நசுக்கி நசுக்கிக் கிழிக்கும்.

பட்டை போய் வெள்ளை மரம் தெரிந்த நேரத்தில் சடக் என்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குத் தெரியும். சென்றாயனின் பிடி தலையிலிருந்து பாதி வரை பிளந்துவிட்டது.

"பேசாத கோடாலி வாயைப் பொளந்துடுச்சுடோய்!" என்று மேல்கொட்டாய்க்காரன் ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. அந்த விசில் அடங்குவதற்குள் பெரியமுத்துவின் கோடாலியிலும் ஒரு சத்தம். வாயில் பாதி உடைந்து பறந்தது. அவன் பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்குப் பிடியைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது எங்கள் ஆள் விசில் அடித்தான்.

பேராசிரியர் எழுந்து, "சரி செஞ்சுக்கலாம். நேரம் இருக்கு" என்றார். பெரியமுத்து கல்லைத் தேய்க்க ஓடைக்கு ஓடினான்.

சென்றாயன் பிளந்த பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இந்த இடத்தில் அவன் அப்படியே கீழே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். என்னைப் பார்த்து ஊரே சிரித்திருக்கும். அவன் பேர் கெடாது, வாத்தியார் சரியில்லை என்று முடிந்திருக்கும். அவன் போகவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். வேலிக்கு மேலே, சந்தையில், சாவு வீட்டில் எத்தனையோ தடவை எதிரெதிரே வந்திருக்கிறோம். இப்படி நேராகப் பார்த்ததில்லை.

நான் சுடர்க்கொடியைப் பார்த்தேன். "கையால காட்டலாம் ஐயா. பேசக் கூடாது" என்றார்.

அவன் வீட்டுக்கு ஓடி ஒரு கருவேலங்கட்டை எடுத்து வந்தான். மேழிக்கு என்று பத்திரமாகக் காயவைத்திருந்த கட்டை என்று அவன் மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் உளி வைத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். துளைக்குள் கல்லை வைத்ததும் நான் பக்கவாட்டில் பனையோலையைச் செருகினேன். போகவில்லை. தலையை ஆட்டினேன். கொஞ்சம் செதுக்கினான். மறுபடி செருகினேன். அரைகுறையாகப் போனது. தலையை ஆட்டினேன். சென்றாயன் பெருமூச்சு விட்டான், ஆனால் செதுக்கினான். ஓலை வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் வந்தது. மேலே செருகினேன், போகவில்லை. அவன் கல்லையும் துளையையும் ஓலையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு உள்ளங்கையால் தன் நெற்றியில் பளார் என்று அடித்துக்கொண்டான். ஜனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம் ணங் என்று கேட்டது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். பிடியின் தலையில், துளைக்கு மேலே, அவன் மரத்தைச் செதுக்காமல் முழங்கை முட்டு மாதிரி கனமாக விட்டுவிட்டான். மேழியில் அப்படி விடுவான். விரிசல் ஓடினாலும் அந்த முட்டில் நின்றுவிடும். காவேரி இதைக் காட்டவில்லை. சுடர்க்கொடியும் காட்டவில்லை. அந்த அம்மா ஓடிவந்து படம் பிடித்தார். "சார், இதைப் பாருங்க! மூணாவது கையில புதுசா ஒண்ணு சேந்திருக்கு" என்று கத்தினார். பேராசிரியர் தொப்பியைக் கழற்றி அந்த முட்டைத் தொட்டுப் பார்த்தார்.

அப்புறம் வெட்டு. சென்றாயனுக்கு வயதாகிவிட்டது. நடுநடுவில் நின்று மூச்சு வாங்கினான். நான் துண்டை நனைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். பெரியமுத்து ஓடையிலிருந்து திரும்பி வந்து அவன் மரத்தில் இறங்கினான். இரண்டு கொட்டாயும் தொண்டை கிழியக் கத்தின. நாங்கள் இரண்டு பேர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பிடி தாங்கியது. கல் தாங்கியது. மரம் முனகியது. மறுபடி முனகியது. காகம் ஒன்று உச்சியிலிருந்து எழுந்து பறந்தது. அப்புறம் எங்கள் மரம் மெதுவாக, நாட்டாண்மைக்காரர் பாயில் சாய்கிற மாதிரிச் சாய்ந்து, தரையில் விழுந்தது.

மேல்கொட்டாய் மரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவர்களும் விசிலடித்தார்கள். பெரியமுத்து தன் கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் கோடாலியைப் பார்க்க வந்துவிட்டான். சுடர்க்கொடி எங்கள் மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பேராசிரியர்தான் முதலில் கைதட்டினார். "நான் சொன்னது தப்பு. ரொம்பச் சந்தோஷமாத் தப்பு" என்றார். மனுஷன் பெரியவர்.

"இனிமே பேசலாம்!" என்று கேமராக்காரர் கத்தினார்.

ஜனம் கப்சிப் என்று ஆகிவிட்டது. எல்லாரும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். நான் வேட்டியில் ஒட்டிய மரத்தூளைத் தட்டினேன். சென்றாயன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். மரத்தைப் பார்த்தான். கோடாலியைப் பார்த்தான்.

"பேசுங்கப்பா. டீக்கடையைப் பூட்டிட்டு வந்து நிக்கறேன்" என்றான் அருணகிரி.

சென்றாயன் தொண்டையைச் செருமினான்.

"பசிக்குதுண்ணா" என்றான்.

"உங்கண்ணி களி கிண்டியிருக்கா. வா" என்றேன்.

நடந்தோம். அவன் வீட்டுப் பக்கமாக வந்ததால் நடு வேலியைத் தாண்ட வேண்டும்; அந்த இடத்தில் படல் கதவு இல்லை, முள்தான். சுற்றிக்கொண்டு போகப் பொறுமையில்லை. சென்றாயன் முள்ளை ஒரு காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டான், நான் தாண்டினேன். பிறகு நான் மிதித்துப் பிடித்துக்கொண்டேன். மாதம்மா மூன்று உருண்டை களியை அவன் தட்டில் வைத்தாள். கொள்ளுச் சாறு ஊற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள், அடுப்புப் புகை என்றாள். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

இரண்டாவது உருண்டையில்தான் சென்றாயனுக்குப் பேச்சு வந்தது. "நாஞ் சொன்னது தப்புண்ணா, அன்னிக்கு, கெணத்து மேட்டுல" என்றான்.

"நீ பிடியை இறுக்குனதும் தப்பு" என்றேன்.

"அது பெரிய தப்பு" என்றான்.

பங்குனி 6

காலையிலேயே சென்றாயன் வந்துவிட்டான். அவன் மாட்டுக் கன்று, பேத்தியின் காலேஜ், மூட்டு வலி, தம்பி பொண்டாட்டி, வங்கியில் நடந்தது, எல்லாம் சொன்னான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். பொழுது சாய்கிற வரை எனக்கு இடையில் ஒரு வார்த்தை சொல்ல இடம் கிடைக்கவில்லை.

பங்குனி 7

இன்றும் வந்திருக்கிறான். எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டேயிருக்கிறான். எழுத முடியவில்லை.